கணக்கு அவள் பேரில், போன் யார் கையில்?

மே 6, 2025

ஒரு வாசகர் கேட்டது, அவர் சொற்களிலேயே:

“வளரும் நாடுகளில் பெண்களுக்குக் கணக்கு வந்தாச்சு. போனிலேயே பணம் போகுது, வருது. ஆண் பெண் இடைவெளியும் குறைஞ்சுகிட்டே வருது. அப்புறமும் பெண்களை நிதி அமைப்புக்குள் கொண்டுவரணும்னு தனியா ஏன் இத்தனை திட்டம், இத்தனை மாநாடு? வேலை முடிஞ்சதா எடுத்துக்கக் கூடாதா?”

மாநாடுகளைக் குறைக்கலாம் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. எண்களிலும் தகராறு இல்லை. உலக வங்கியின் குளோபல் ஃபின்டெக்ஸ் கணக்கெடுப்பு 2011-ல் தொடங்கியபோது உலகில் வயது வந்தவர்களில் 51 சதவீதம் பேரிடம்தான் கணக்கு இருந்தது. 2021-ல் 76 சதவீதம். வளரும் நாடுகளில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே 9 சதவீதப் புள்ளி இடைவெளி பல வருடம் அசையாமல் கிடந்தது; 2021-ல் 6 ஆனது.

ஆனால் “கணக்கு இருக்கிறதா?” என்பது ஒரு கேள்வி, “அதில் கை வைத்து எவ்வளவு நாளாச்சு?” என்பது இன்னொரு கேள்வி. இந்தியாவையே பாருங்கள். 2014 ஆகஸ்டில், எல்லாருக்கும் வங்கிக் கணக்கு என்று ஜன் தன் திட்டம் வந்தது. அந்தக் கணக்குகளில் பாதிக்கு மேல் பெண்கள் பேரில். 2021 கணக்கெடுப்பில், கணக்கு வைத்திருப்பதில் ஆண் பெண் வித்தியாசம் ஏறக்குறையக் காணாமலே போய்விட்டது. அதே கணக்கெடுப்பில், கணக்கு இருந்தவர்களில் 35 சதவீதம் பேர் முந்தைய ஒரு வருடம் முழுக்க அதில் ஒரு வரவோ ஒரு எடுப்போ செய்யவில்லை. பெண்களிடம் அந்த விகிதம் ஆண்களைவிட அதிகம்.

பாஸ்புக் பீரோவில் தூங்குவதை நிதி அமைப்புக்குள் கொண்டுவந்தது என்று எழுதிக்கொள்ளலாம்தான்.

மே 6, இரவு

மேலே உள்ளதைப் படித்துவிட்டு ஒருவர், “உபயோகிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதானே? சொல்லிக்கொடுத்தால் தீர்ந்தது” என்கிறார்.

குழுக்கடன் நிறுவனம் ஒன்றில் சில காலம் வேலை பார்த்தேன். அப்புறம் போன்வழிப் பணம் சொல்லிக்கொடுக்கும் பயிற்சிகளுக்கும் போனேன். சொல்லிக்கொடுப்பதை நம்பித்தான் போனேன். ஒரு நாள், போன் பணத்தைப் போடவும் எடுக்கவும் ஊரில் உட்கார்ந்திருக்கும் ஏஜென்டின் மேஜைக்குப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஒரு அம்மா வந்தார். இடுப்பில் சொருகியிருந்த சுருக்குப் பைக்குள் நாலாக மடித்த ஒரு சீட்டு, அதில் அவர் பின் நம்பர். சீட்டைப் பிரித்து ஏஜென்டிடம் நீட்டினார். அந்தப் பையன் சீட்டைப் பார்க்கவே இல்லை. போனை வாங்கினான், நாலு இலக்கத்தையும் தட்டினான். மனப்பாடம்! அவருக்குப் பின்னால் நின்ற பெண்ணின் நம்பரும் அவனுக்குத் தெரியும்.

இதைத் தெரியாமை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அந்த அம்மாவுக்குப் பணம் எங்கே இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, எடுக்க எவ்வளவு பிடிப்பார்கள் எல்லாம் அத்துப்படி. நம்பரை ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்பதும் தெரியும். ஆனால் எழுத்துப் படிக்காதவர் கையில் எழுத்தாலேயே ஆன திரையைக் கொடுத்தால், படிக்கத் தெரிந்த யாரோ ஒருவர் நடுவில் வந்து உட்காரத்தான் செய்வார். ஏஜென்ட், இல்லை மகன், இல்லை கணவர்.

மே 9

என் கட்சியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் அடிக்க வசதியாக இருக்கும். கணக்கு யார் பேரில் திறந்திருக்கிறது என்பதைவிட, பணம் வந்த மெசேஜ் யார் கண்ணில் முதலில் படுகிறது என்பதுதான் எனக்கு முக்கியம்.

இதற்கு உகாண்டாவிலிருந்து ஒரு நல்ல சான்று இருக்கிறது. எமா ரைலி என்ற பொருளாதார ஆய்வாளர், பிராக் என்ற தொண்டு அமைப்பில் தொழில்கடன் வாங்கும் சுமார் 3,000 பெண்களை வைத்துச் செய்த சோதனை. ஒரு பகுதிப் பெண்களுக்கு வழக்கம்போலக் கையில் ரொக்கம். இன்னொரு பகுதியினருக்குத் தொழிலுக்கென்றே தனியாக ஒரு மொபைல் பணக் கணக்கு, ஆனால் கடன் ரொக்கமாகத்தான். மூன்றாவது பகுதியினருக்குக் கடனே அந்தக் கணக்கில் போய் விழுந்தது. எட்டு மாதம் கழித்துப் பார்த்தால், ரொக்கம் வாங்கியவர்களைவிட இவர்களுக்கு லாபம் 15 சதவீதம் கூட, தொழில் முதல் 11 சதவீதம் கூட. வெறும் கணக்கு மட்டும் கிடைத்தவர்களிடம் அப்படி ஒன்றும் பெரிய மாற்றம் இல்லை. பலன் யாருக்கு அதிகம் என்பதுதான் விஷயம்: வீட்டில் “கொஞ்சம் கொடு, கொஞ்சம் கொடு” என்று கேட்டு நிற்கிறவர்கள் உள்ள பெண்களுக்கு.

கடன் அதே அளவு, வட்டியும் அதே. பணம் கைக்கு வராமல் போனுக்கு வந்தது மட்டும்தான் வித்தியாசம்.

மே 9, சற்றுப் பின்

“ஆக, கணவனிடம் மறைக்கச் சொல்கிறீர்கள்.”

நான் சொல்லவே வேண்டாம். அரிசிப் பானை என்ற ஒன்று எதற்காம்?

மே 12

கேலி போதும், அந்த ஆட்சேபத்துக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டும். மூன்று நாளாக மண்டையில் ஓடிக்கொண்டிருக்கிறது.

வீட்டில் கேட்கிற எல்லாரும் பிடுங்கித் தின்கிறவர்கள் இல்லை. கணவருக்கும் ஒரு தொழில் இருக்கும், அதுவும் முதலுக்குத் தவிக்கும். பெண் பேரில் கடன் சுலபமாகக் கிடைக்கிறது என்றால் வாங்கி அதில் போடுவது வீட்டுக் கணக்குப்படி நியாயமாகக்கூட இருக்கலாம். இது நான் நேரில் பார்த்தது: கடன் கூட்டத்தில் கையெழுத்துப் போட்டு வாங்குவது மனைவி, வாசலில் வண்டியோடு காத்திருப்பது கணவர்.

ஒரு காலத்தில் இலங்கையில் சிறுதொழில் செய்கிறவர்களுக்கு மானியம் கொடுத்துப் பார்த்த ஒரு பிரபலமான ஆய்வு, ஆண்களின் தொழிலில் லாபம் நன்றாக ஏறியது, பெண்களின் தொழிலில் ஏறவே இல்லை என்று சொன்னது. கானாவிலும் அதே சாயலில் முடிவு. பெண்களுக்கு வியாபாரம் வராது என்று அதைப் படித்துக்கொண்டவர்கள் உண்டு. பிறகு 2019-ல் பெர்ன்ஹார்ட், ஃபீல்டு, பாண்டே, ரிகோல் என்ற நால்வர், இந்தியா, இலங்கை, கானாத் தரவுகளைத் திரும்பப் புரட்டினார்கள். வீட்டில் வேறு யாருக்கும் தொழில் இல்லாமல் அவள் ஒருத்திக்கு மட்டும் தொழில் இருந்தால், அவளுக்குக் கிடைக்கும் லாபம் ஆண்களுக்குக் குறைந்ததில்லை. கணவருக்கும் தொழில் இருந்தால் பணம் அங்கே போய்விடுகிறது. அவள் தொழில் முடங்கவில்லை, முதலே அதற்குப் போய்ச் சேரவில்லை.

அதனால் மறைப்பதை ஒரு கொள்கையாக நான் தூக்கிப் பிடிக்கவில்லை. அவள் முடிவெடுக்க ஒரு ராத்திரி அவகாசம் வேண்டும், அவ்வளவுதான். ரொக்கம் அந்த அவகாசத்தைத் தராது. கொண்டுவந்து வைத்த நிமிடமே அது எல்லாருடைய பணம்.

மே 12, இரவு

மேலே சொன்னதற்கு நானே ஒரு குறுக்குக் கேள்வி. மறைத்தது தெரியவந்தால்? பயிற்சியில் ஒருத்தி எல்லார் முன்னாலும் கேட்கவில்லை, கலைந்து போகும்போது என் பக்கத்தில் வந்து கேட்டாள்: “பேலன்ஸ் சத்தமில்லாம பாக்க முடியுமா?” போனை சைலன்ட்டில் போடுவதைக் காட்டினேன். அவள் கேட்டது அது இல்லை. மெசேஜே வரக் கூடாது.

வழி இல்லை. ஒவ்வொரு வரவுக்கும் ஒரு எஸ்எம்எஸ், அதன் அடியில் மீதி இருப்பு. அவள் படித்ததும் அழிக்கக் கற்றுக்கொண்டாள். பிறகு, எல்லாவற்றையும் அழித்த இன்பாக்ஸே சந்தேகம் கிளப்பும் என்று கண்டுபிடித்து, கம்பெனி விளம்பர மெசேஜ்களை மட்டும் அப்படியே விட்டுவைத்தாள். பாதுகாப்பு நிபுணர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு யோசிக்கிற விஷயம் இது.

மே 15

கென்யாவைச் சொல்லாமல் இந்த விவாதம் நடத்தலாமா என்று ஒருவர் கோபப்படுகிறார். நியாயம்.

எம்-பெசா என்ற போன்வழிப் பணச் சேவை அங்கே 2007 மார்ச்சில் வந்தது. வங்கி வேண்டாம், ஸ்மார்ட்போன் வேண்டாம், பட்டன் போனும் பக்கத்தில் ஒரு ஏஜென்டும் போதும். தவ்னீத் சூரி, வில்லியம் ஜாக் இருவரும் 2016-ல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரையின் மதிப்பீடு: இதன் வரவால் கென்யாவில் சுமார் 1,94,000 குடும்பங்கள், அதாவது 2 சதவீதம், வறுமையிலிருந்து மேலே வந்தன. சுமார் 1,85,000 பெண்கள் வியாபாரத்தைத் தங்கள் முக்கியத் தொழிலாக மாற்றிக்கொண்டார்கள். பெண்கள் தலைமையில் உள்ள குடும்பங்களில் பலன் கூடுதல்.

அதே இருவரின் முந்தைய ஆய்வு இன்னும் எனக்குப் பிடித்தது. நோயோ வேலையிழப்போ வந்தால், எம்-பெசா இல்லாத குடும்பங்களில் செலவு 7 சதவீதம் இறங்கியது. இருந்தவர்களிடம் இறங்கவே இல்லை. காரணம் எளிது: தூரத்தில் இருக்கும் அண்ணன், அத்தை, சிநேகிதி எல்லாரும் ஆளுக்குக் கொஞ்சம் அன்றைக்கே அனுப்ப முடிந்தது.

கவனித்தீர்களா, இங்கே போன் பணத்தை மறைக்கவில்லை, வரவழைத்தது. என் ஒரு ராத்திரி வாதம் மட்டும் போதாது என்பது இதில் தெரிகிறது. தனக்கென்று ஒரு நம்பர் இருந்தால் தாய்வீட்டுக் கை அவளுக்கு நேராக எட்டும், நடுவில் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. இரண்டும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

மே 15, பின்குறிப்பு

தனக்கென்று ஒரு நம்பர் என்று சுலபமாக எழுதிவிட்டேன்; நம்பர் கிடைத்தாலும் போனை முழுசாக உபயோகிப்பது எல்லாருக்கும் ஒன்று போல இல்லை. மொபைல் நிறுவனங்களின் உலகக் கூட்டமைப்பான ஜிஎஸ்எம்ஏ கணக்குப்படி 2023-ல் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் பெண்கள் மொபைல் இணையம் உபயோகிப்பது ஆண்களைவிட 15 சதவீதம் குறைவு.

மே 19

மேற்கு ஆப்பிரிக்காவின் நைஜரில் நடந்த சோதனை. இதை இரண்டு பேர் ஏற்கெனவே கேட்டுவிட்டார்கள்.

2010-ல் வறட்சிக்குப் பிறகு உதவிப்பணம் கொடுக்கும் திட்டம், வாங்குகிறவர்கள் பெண்கள். ஜெனி ஏக்கர் என்ற ஆய்வாளரின் குழுவினர் 96 கிராமங்களை மூன்றாகப் பிரித்தார்கள். முதல் கூட்டத்துக்கு ரொக்கம். இரண்டாவதற்கு ஒரு போனும், அந்தப் போனிலேயே பணமும். மூன்றாவதுதான் சாமர்த்தியம்: அதே போனைக் கொடுத்தார்கள், பணத்தை மட்டும் ரொக்கமாகக் கொடுத்தார்கள். பலன் போனால் வந்ததா, பணம் வந்த வழியால் வந்ததா என்று பிரித்துப் பார்க்க.

போன்வழிப் பணம் வந்த வீடுகளில் சாப்பாட்டில் வகை கூடியது. குழந்தைகள் ஒரு நாளைக்கு மூன்றில் ஒரு பங்கு வேளைச் சாப்பாடு கூடுதலாகச் சாப்பிட்டார்கள். போன் மட்டும் கிடைத்தவர்களிடம் அது இல்லை. ரொக்கம் வாங்க நடந்து போய் வரிசையில் நிற்கிற நேரம் மிச்சமானது ஒரு காரணம். பணம் வருகிற நாள் ஊருக்கே தெரியாமல் போனது இன்னொன்று. வரிசையில் நின்றால் யார் யாருக்கு எப்போது வந்தது என்று எல்லாருக்கும் தெரியும், வீட்டில் உள்ளவருக்கு முதலில் தெரியும்.

மே 19, இரவு

“ஏஜென்ட் பொம்பளையா இருந்தா போதுமே?”

போதும் என்று சொல்ல மாட்டேன். உதவும். காங்கோ ஜனநாயகக் குடியரசில் ஏஜென்ட் வங்கிப் பரிவர்த்தனைகளை வைத்துச் செய்த ஆய்வில், பெண் வாடிக்கையாளர்கள் பெண் ஏஜென்டுகளையே அதிகம் தேடிப் போனார்கள், அதுவும் தொகை பெரிதானால் கூடுதலாக. அதே நாட்டில் 2016-ல் குடும்பச் சட்டம் திருத்தப்படும்வரை மணமான பெண் கணக்குத் திறக்கக் கணவரின் அனுமதி வேண்டும் என்பதையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

எனக்குத் தெரிந்த ஏஜென்ட் தில்லுமுல்லு ஒன்று. கைரேகை வைத்துப் பணம் எடுக்கிற இடம். பாத்திரம் தேய்த்து, மண் வேலை செய்து தேய்ந்த விரல், ரேகை லேசில் விழாது. இது நிஜமான தொல்லை. அந்தத் தொல்லையே சிலருக்கு வசதி. முதல் தடவையே ரேகை விழுந்து பணம் எடுத்தாகியிருக்கும், “விழலைம்மா, இன்னொரு வாட்டி வைங்க” என்பார்கள். இரண்டாவது எடுப்புக்குத்தான் ரொக்கம் கையில் வரும். இரண்டு பதிவும் அவர் பேரில். ரசீது கேட்டால் பேப்பர் ரோல் தீர்ந்துவிட்டது. எப்போதுமே தீர்ந்துவிட்டிருக்கும்.

மே 23

“மொபைல் பணத்துக்கு வரி போடுகிறார்களே, அது பெண்களைப் பாதிக்காதா?” என்று கேட்டவருக்குச் சுருக்கமாக. உகாண்டா 2018 ஜூலையில் மொபைல் பணத்துக்கு 1 சதவீத வரி போட்டது, எதிர்ப்பு வந்ததும் எடுப்புக்கு மட்டும் 0.5 என்று குறைத்தது. கானா 2022 மே மாதம் 1.5 சதவீதம் போட்டு, அடுத்த வருடம் 1 ஆக்கி, 2025 ஏப்ரலில்தான் ரத்து செய்தது. சின்னச் சின்னத் தொகையாகப் பல தடவை அனுப்புகிறவர்களை இது அதிகம் உறுத்தும். சின்னத் தொகையாக அனுப்புவது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மே 27

கடன் செயலிகள். இதை ஒதுக்கிக்கொண்டே வந்தேன், இனி முடியாது.

போனில் ரெண்டு நிமிடத்தில் கடன் கிடைக்கும் என்றால் பெண்களுக்கு அது பெரிய விடுதலை மாதிரித் தெரியும். ஜாமீன் இல்லை, குழுவில் நாலு பேர் முன்னால் கேட்க வேண்டியதில்லை. கென்யாவில் அப்படித்தான் பரவியது. பிறகு கொஞ்சம் ஷில்லிங் பாக்கிக்காக, கடன் தரக் கூடாதவர்கள் என்ற கறுப்புப் பட்டியலில் ஏறியவர்கள் குவிந்தார்கள். 2020-ல் அந்நாட்டு மத்திய வங்கி 1,000 ஷில்லிங்குக்குக் குறைந்த பாக்கியைப் பட்டியலில் ஏற்றக் கூடாது என்றது. 2021-ல் டிஜிட்டல் கடன் கொடுப்போருக்கு உரிமம் வேண்டும் என்று சட்டமே வந்தது.

இந்தியாவில் கேவலம் வேறு மாதிரி. செயலி போனில் இறங்கும்போதே தொடர்பு எண்கள், புகைப்படங்கள் எல்லாவற்றையும் அள்ளிக்கொள்ளும். தவணை தப்பினால் மாமியாருக்குப் போன், முதலாளிக்குப் போன், முகத்தை ஒட்டிய அசிங்கப் படம். 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி, கடன் செயலிகள் தொடர்பு எண்களையும் அழைப்புப் பதிவையும் கோப்புகளையும் தொடக் கூடாது என்று விதி போட்டது. உரிமமே இல்லாத செயலிகள் விதியைப் படிப்பதில்லை.

குழுக்கடனில் மானம்தான் ஜாமீன் என்று நாங்களே உள்ளுக்குள் பேசிக்கொள்வோம். செயலிக்காரர்கள் அதையும் டிஜிட்டலாக்கிவிட்டார்கள். நான் வேலை பார்த்த இடத்திலும் வசூலுக்குப் போனால் வீட்டு வாசலில் எத்தனை பேர் பார்க்க நிற்கலாம் என்பது சொல்லப்படாத கணக்கு. அதனால் செயலிக்காரர்களை மட்டும் திட்ட எனக்குக் கொஞ்சம் கூச்சம்.

மே 28

மே 12-ல் எழுதியதோடு இது நேராக மோதுகிறது, அதனால் தனியாக. அவள் ரகசியமாக வைத்த பணம் அவளுக்கு ஏதாவது ஆனால் என்ன ஆகும்? வாரிசுதாரர் பேரைக் கேட்கும் இடத்தில் பலர் கணவர் பேரைக் கொடுத்திருப்பார்கள், கணவருக்கோ கணக்கு இருப்பதே தெரியாது. சிம் பிரச்சினை வேறு. இந்தியாவில் ப்ரீபெய்டு சிம்மை 90 நாள் தொடாமல் விட்டால் செயலிழக்கலாம், அந்த நம்பர் பிறகு வேறு யாருக்கோ போகும். ஒளித்துவைத்த இரண்டாவது சிம்மை அடிக்கடி போட முடியாது. அதைத்தான் ஒளித்துவைத்திருக்கிறாளே! கடைசியில் ஓடிபி யாரோ ஒரு அந்நியருக்குப் போகிறது.

இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. நம்பிக்கையான அக்கா தங்கையிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள் என்பேன். அதையும் எல்லாருக்கும் சொல்ல முடியாது.

ஜூன் 2

கேள்வி கேட்டவர் மறுபடி வந்திருக்கிறார்: “அப்போ அரசு நேரடியா அவங்க கணக்குல போட்டாலும் பிரயோஜனம் இல்லைன்றீங்க?”

அய்யோ, நேர்மாறு. மத்தியப் பிரதேசத்தில் வேலை உறுதித் திட்டக் கூலியை வைத்து ஃபீல்டு, பாண்டே குழுவினர் செய்த சோதனை 2021-ல் வெளியானது. வழக்கமாகக் கூலி வீட்டு ஆண் கணக்குக்குப் போய்க்கொண்டிருந்தது. சில பெண்களுக்குக் கணக்கு மட்டும். சிலருக்குக் கணக்கும், கூலி நேராக அதிலேயே வருவதும், எப்படி எடுப்பது என்ற பயிற்சியும். கணக்கு மட்டும் கிடைத்தவர்களைவிட மூன்றும் சேர்ந்து கிடைத்தவர்கள் அதிகம் வேலைக்குப் போனார்கள், திட்டத்துக்கு வெளியேயும் போனார்கள். வீட்டில் தடை அதிகம் இருந்த பெண்களிடம்தான் மாற்றம் அதிகம். பெண் வேலைக்குப் போகக் கூடாது என்ற எண்ணமும் தளர்ந்தது.

பாகிஸ்தானில் 2008-ல் தொடங்கிய பேனசீர் வருமான உதவித் திட்டம் பணத்தைப் பெண் பேரில் கொடுத்தது. வாங்க தேசிய அடையாள அட்டை வேண்டும் என்பதால், அதுவரை அட்டை இல்லாத ஏராளமான பெண்கள் எடுத்துக்கொண்டார்கள். டோகோ 2020 ஏப்ரலில் கொரோனா உதவியைப் போன்வழியே கொடுத்தபோது மாதத்துக்கு ஆண்களுக்கு 10,500 சிஎஃப்ஏ பிராங்க், பெண்களுக்கு 12,250. எந்தப் பயிற்சி வகுப்பும் இதைச் சொல்லிக்கொடுக்காது.

ஒரே ஒரு எச்சரிக்கை, இந்தியாக்காரர்களுக்கு. ஆதார் வழியே வரும் பணம், கடைசியாக எந்தக் கணக்கு ஆதாரோடு இணைக்கப்பட்டதோ அங்கே போகும். எங்கோ அவசரத்தில் இன்னொரு கணக்கைத் திறந்திருந்தால், ஜன் தன் கணக்கில் பணம் வரவில்லை என்று வங்கி வங்கியாக அலைய வேண்டியதுதான். பணம் வேறு இடத்தில் சமர்த்தாக உட்கார்ந்திருக்கும்.

ஜூன் 4

பணப் பரிமாற்றச் செயலி ஒன்றில் வேலை செய்கிறவர் கேட்கிறார்: “ஒரே ஒரு மாற்றம் செய்ய முடியும்னா எதைச் செய்யச் சொல்வீங்க?”

வரவு மெசேஜிலிருந்து மீதி இருப்பை எடுத்துவிடுங்கள். வேண்டுமென்றால் அவரே பின் நம்பர் போட்டுக் கேட்டுக்கொள்ளட்டும். மெசேஜே வேண்டாம் என்பவருக்கு அதற்கும் ஒரு வழி வைத்து, கணக்குத் திறக்கும்போது அவர் ஒருவராக இருக்கையில் கேளுங்கள், கூட வந்தவர் முன்னால் கேட்காதீர்கள்.

இரண்டாவது ஒன்று கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். தொலைந்துபோன சிம்முக்குப் பதில் சிம் கேட்டு யார் வந்தாலும், கணக்கு யார் பேரில் இருக்கிறதோ அவர் நேரில் வராமல் கொடுக்காதீர்கள். “என் வீட்டுக்காரி போன்தாங்க” என்று சொல்லி வாங்கிப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். கவுன்டரில் இருந்தவர் ஒரு கேள்வி கேட்கவில்லை, கையெழுத்து மட்டும் வாங்கினார். அதுவும் அவரிடமே.